மானிப்பாயிலிருந்து பேர்னுக்கு இறையியல் வகுப்பு நடத்தலாமா?

வாசகர் கடிதம்:

மானிப்பாய்ப் பக்கத்துச் சபையொன்றின் போதகர் நான். வயது 41. பிலிமத்தலாவையில் இறையியல் படித்தவன். ஒரு காலத்தில் என்னோடு வாலிபர் ஐக்கியத்தில் இருந்த சிலரும் அவர்களுடைய நண்பர்களும் இப்போது வெளிநாடுகளில் சிறிய தமிழ்ச் சபைகளை நடத்துகிறார்கள். சுவிஸில் ஆறு பேர், ஜேர்மனியில் மூன்று பேர், ஒஸ்லோவில் ஒருவர். இதில் இரண்டு பேர் பெண்கள். ஒருவரும் இறையியல் படித்ததில்லை. ரெஸ்ரோரன்ற், துப்புரவு வேலை, வயோதிபர் இல்லம் என்று வேலைக்குப் போய்க்கொண்டே ஊழியம் செய்கிறார்கள். "சூமில ரெண்டு வருஷம் படிப்பியுங்கோ அண்ணை, முடிவில ஒரு சேட்டிபிக்கற் தாங்கோ, காசு நாங்கள் தருவம்" என்று கேட்கிறார்கள். எனக்கும் விருப்பம்தான். கிழமைக்கு மூன்று இரவு, ஒவ்வொரு மணித்தியால விரிவுரை என்று திட்டம் போட்டிருக்கிறேன். மனைவிக்கு அவ்வளவு சம்மதமில்லை. இது சரிவருமா? சேட்டிபிக்கற்றை நான் கொடுக்கலாமா? காசு வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

சரிவரும். ஆனால் கிழமைக்கு மூன்று இரவு சூம் விரிவுரை என்ற திட்டம் சரிவராது. மூன்றாம் மாதம் பாருங்கள், பத்துப் பேரில் பாதிப் பேர் கமெராவை நிறுத்திவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மானிப்பாயில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு ரோமர் நிருபத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்த மனிதருக்கு இன்னொரு பிரசங்கம் ஏறாது.

தொலைக்கல்வியில் இறையியல் படித்தவர்களுக்கு இங்கே யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்திருக்கிறேன். நடுவில் நின்றுபோனவர்களில் பாடம் விளங்காமல் நின்றவர்கள் குறைவு. கூடப் படிக்க, கேள்வி கேட்க, "எங்கே உம்முடைய ஒப்படை?" என்று விசாரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லாமல் நின்றவர்கள்தான் கூட. ஆகவே பாடத்திட்டம் எழுத உட்காருவதற்கு முதல், இந்தப் பத்துப் பேரோடும் அங்கே யார் இருக்கப்போகிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு விஷயத்தில் நீங்கள் நல்லாக யோசித்திருக்கிறீர்கள். வேலையையும் சபையையும் விட்டுவிட்டு எங்காவது போய்ப் படிக்கச் சொல்லாமல், இருக்கிற இடத்திலேயே படிப்பிக்க நினைத்திருக்கிறீர்கள். ஊழியனைப் பெயர்த்தெடுத்துப் படிப்பித்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் வட்டுக்கோட்டையை விட வேறு சாட்சி வேண்டாம். 1823இல் அமெரிக்க மிஷன் அங்கே செமினரியைத் தொடங்கியது. ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், தமிழ் என்று அந்தக் காலத்தில் ஆசியாவிலேயே பெயர்பெற்ற படிப்பு. 1855இல் மிஷனே அதை மூடியது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் பெரியது, படித்து வெளியேறியவர்கள் சபைப் பணிக்குப் போகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது. சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான். தமிழுக்கு அந்தச் செமினரியால் கொள்ளை லாபம். ஊர்ச் சபைக்குத்தான் உபதேசியார் கிடைக்கவில்லை.

இதே கதை நூறு வருஷத்துக்குப் பிறகு குவாத்தமாலாவில் நடந்தது. அங்கே பிரெஸ்பிற்றேரியன் செமினரி தலைநகரில் இருந்தது. 1962இல் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 25 வருஷம் நடத்தியும், படித்தவர்களில் பத்துப் பேரளவில்தான் அந்தத் திருச்சபையில் போதகர்களாக இருந்தார்கள். கிராமத்திலிருந்து வந்தவர்கள் பட்டணத்துக்குப் பழகிப்போய்த் திரும்பவில்லை. கிராமத்தில் உண்மையாகவே சபையைத் தாங்கிக்கொண்டிருந்த, குடும்பமும் தோட்டமும் உள்ள ஆட்களுக்கோ பட்டணத்துக்கு வர வழியில்லை. அப்போதுதான் ரால்ஃப் விண்டர், ஜேம்ஸ் எமரி, கொஞ்சம் பிந்தி ரோஸ் கின்ஸ்லர் ஆகிய மிஷனரிகள் செமினரியை சான் ஃபெலிப்பே என்ற நாட்டுப்புற ஊருக்குக் கொண்டுபோய், 1963இல் பாடத்தை மாணவரிடம் கொண்டு செல்லும் முறையைத் தொடங்கினார்கள். பிறகு உலகம் முழுக்கப் பரவிய விரிவாக்க இறையியல் கல்வி அங்கே தொடங்கியதுதான். இந்தியாவில் 1971இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தாஃப்டீ (TAFTEE) என்ற அமைப்பு இதே முறையில் தொடங்கப்பட்டது. அவர்களுடைய பாடங்கள் தமிழிலும் உண்டு. எல்லாவற்றையும் நீங்களே புதிதாக எழுத மெனக்கெட வேண்டாம்.

குவாத்தமாலாக்காரர் தபாலில் பாடம் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஆசிரியர் கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு நிலையமாகப் போனார். மாணவர்கள் வீட்டில் படித்துவிட்டு அங்கே கூடி, படித்ததையும் தங்கள் சபையில் நடந்ததையும் வைத்துக் கதைத்தார்கள். டெட் வார்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இந்த முறையை ஒரு வேலியாக விளக்கினார். மேலே ஒரு கிடைச்சட்டம், அது படிப்பு. கீழே ஒரு கிடைச்சட்டம், அது மாணவர் செய்யும் வேலை. இடைவெளி விட்டு நடப்பட்ட கம்பங்கள் இரண்டையும் பிடித்து நிறுத்தும், அவைதான் கூடிக் கதைக்கும் வகுப்புகள். எங்கள் ஊரில் கதியால் இல்லாமல் வேலி அடைக்க எவரும் நினைக்கமாட்டார்கள். உங்கள் திட்டத்தில் மேற்சட்டம் மட்டும், அதுவும் கிழமைக்கு மூன்று மணித்தியாலம் இருக்கிறது.

இனி உங்கள் பத்துப் பேருக்கு வருவோம். சுவிஸில் உள்ள ஆறு பேரும் மாதத்துக்கு ஒருமுறை ஒரே மேசையைச் சுற்றி இருக்கவேண்டும். சின்ன நாடு, ரயில் நேரத்துக்கு வரும், பேர்ன் எல்லோருக்கும் நடு. ஜேர்மனியில் உள்ள மூவரையும் அப்படியே சேருங்கள். தூரமென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் பெரிய படிப்பாளியாக இருக்கத் தேவையில்லை. ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியராக இருக்கலாம், நீண்டகாலச் சபை மூப்பராக இருக்கலாம். நீங்கள் அனுப்பும் கேள்விகளை வைத்துக் கதைக்க விட்டு, ஒருவரே முழுநேரமும் பேசாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த ஆளைக் கண்டுபிடிக்கும்வரை வகுப்பைத் தொடங்காதீர்கள்.

ஒஸ்லோக்காரர்தான் எனக்குக் கவலை. தனி ஆள். சூமில் மற்றவர்களோடு முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். தமிழ்ச் சபைகள் பெரும்பாலும் அந்த நாட்டுத் திருச்சபையின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத்தான் ஆராதனை நடத்துகின்றன. திறப்பு வாங்குவதற்கும், கதிரை அடுக்காமல் போனதற்குப் பேச்சு வாங்குவதற்கும் அப்பால் அந்தப் போதகரோடு ஒரு தொடர்பும் இருக்காது. உங்கள் ஒஸ்லோ மாணவர் நோர்வே மொழி கதைப்பவர்தானே. மண்டபம் தந்த அந்தப் போதகரிடமே போய், மாதத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரிச் சந்திப்புக்கு உங்களோடு வரலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு நோயாளியின் கட்டிலருகே எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கலாம் என்பதை நீங்கள் இங்கிருந்து சூமில் காட்ட முடியாது.

பவுலும் தூரத்திலிருந்து படிப்பித்தவர்தான். ஆனால் கொலோசெயருக்கு நிருபத்தை மட்டும் அனுப்பவில்லை, தீகிக்குவையும் அனுப்பினார். "என் செய்திகளையெல்லாம் உங்களுக்கு அறிவிப்பான்" என்று எழுதினார். அதே அதிகாரத்தில், இந்த நிருபத்தை லவோதிக்கேயாவிலும் வாசியுங்கள், அங்கிருந்து வருவதை நீங்களும் வாசியுங்கள் என்கிறார். உங்கள் ஜேர்மன் குழு எழுதியதைச் சுவிஸ் குழு வாசித்துப் பதில் எழுதட்டும். நீங்கள் திருத்துவதை விட அது அவர்களுக்கு உறைக்கும்.

அப்புறம் நேரம். இரவு வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு இரவு? சுவிஸ் சமையலறையில் வேலை செய்பவர் இரவு பத்தரைக்கு ஏப்ரனைக் கழற்றும்போது குளிர்காலத்தில் உங்களுக்கு விடிய மூன்று மணி. ஆனால் அந்தச் சமையலறைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில், கிட்டத்தட்ட இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை, ஒரு நீண்ட இடைவேளை உண்டு. வீடு தூரமென்றால் அந்த நேரத்தை ரயில் நிலையத்திலோ பின்னறையிலோ போனைப் பார்த்துக்கொண்டு கழிப்பார்கள். அந்த நேரத்தைக் கேளுங்கள். அங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் உங்களுக்குக் குளிர்காலத்தில் இரவு ஏழரை, கோடையில் ஆறரை. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள். அந்தக் கிழமை இரண்டு பேராவது வகுப்பைத் தவறவிடுவார்கள், நீங்களும் ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ வந்து இருப்பீர்கள். முதல் நாளே ஒரு தகவல் போட்டுவிடுங்கள்.

சூம் வகுப்பு கிழமைக்கு ஒன்று போதும், 50 நிமிஷம். அதிலும் விரிவுரை வேண்டாம். விளக்கம் சொல்லவேண்டியதைப் பத்துப் பன்னிரண்டு நிமிஷக் குரற்பதிவாக வட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்புங்கள். படி துடைத்துக்கொண்டும் ட்ராமில் நின்றுகொண்டும் கேட்பார்கள். வீடியோ வேண்டாம், அதைப் பார்க்க அவர்களுக்குக் கையும் கண்ணும் ஓய்ந்திருக்காது. சூமில் கூடும் நேரம் முழுக்க அவர்களுடைய கேள்விக்கும் அனுபவத்துக்குமாக இருக்கட்டும்.

என்ன படிப்பிப்பது? ஒரு நேரத்தில் ஒரு பாடம். மாற்கு சுவிசேஷத்தோடு தொடங்குங்கள், அதோடு சேர்த்துப் பிரசங்கம். உபதேசங்களையும் சபைச் சரித்திரத்தையும் இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கல்லூரியில் படித்த வரிசை அங்கே உதவாது. இந்த ஆட்கள் போதகராகிவிட்டுப் படிக்க வந்திருக்கிறார்கள். கேள்விகள் ஏற்கனவே அவர்கள் கையில் இருக்கின்றன.

ஒரு உதாரணம் சொல்கிறேன், இப்படி ஒன்று நடக்காத புலம்பெயர் சபை இராது. சபைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் இறந்துபோகிறார். ஊரில் இருக்கும் தமையன் சைவம். வீடியோ கோலில் நின்று, வாய்க்கரிசி போடவேண்டும், கிரியை செய்ய ஐயரைக் கூப்பிடவேண்டும் என்கிறார். மனைவி ஞானஸ்நானம் பெற்றவர், ஆனால் புருஷன் வீட்டாரோடு சண்டை பிடிக்க இப்போது அவருக்குத் தெம்பில்லை. மகனுக்கு 17 வயது. ஜேர்மன்தான் அவனுக்கு வாயில் வருகிறது, தமிழில் ஜெபம் செய்யச் சொன்னால் தலையைக் குனிகிறான். தகனசாலையில் தந்திருக்கும் நேரம் அரை மணித்தியாலம், அடுத்த குடும்பம் வெளியே நிற்கிறது. இதற்கு நடுவில் உங்கள் மாணவர் பைபிளோடு நிற்கிறார்.

இதுதான் ஒப்படை. முதலில் நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள், நீங்கள் எந்த வசனத்தை வாசித்தீர்கள், மகனிடம் என்ன சொன்னீர்கள். வியாக்கியானம் அப்போது வேண்டாம். பிறகு யோவான் 11ஐயும் 1 தெசலோனிக்கேயர் 4ஐயும் வாசித்துவிட்டுக் குழுவுக்குக் கொண்டுவரட்டும். அங்கே மற்றவர்கள் கேட்பார்கள்: தமையனோடு தனியாகக் கதைத்தீரா? மகனுக்கு விளங்கும் பாஷையில் ஒரு வசனமாவது வாசித்தீரா? 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கூப்பிட்டால் போவீரா? கடைசிக் கேள்வியில் ஒருவர் "ஒருநாளும் இல்லை" என்று மேசையில் அடிப்பார். அப்போது, யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவ வீடுகளிலும் 31ஆம் நாள் ஆராதனை வைக்கிறோமே, அந்த 31 எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். உயிர்த்தெழுதல், சபை, பண்பாடு எல்லாம் அந்த ஒரு செத்தவீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கடைசியில் அந்தப் பிரசங்கத்தைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். முதல் எழுத்தையும் இரண்டாவது எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆள் படிக்கிறாரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இதே மாதிரி சீட்டுப் பிரச்சினையையும் எடுங்கள். சபைக்குள் சீட்டுக் கட்டி, ஒருவர் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டாமல் விட, இரண்டு குடும்பம் வேறு சபைக்குப் போய்விடும். திரித்துவத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் எழுதுவார்கள், இதைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு மாதம் ஒப்படை வராது. வராவிட்டாலும் விடாமல் கேளுங்கள்.

எழுத்தில் கள்ளம் நடக்கும். யூரியூப்பில் கேட்ட சென்னைப் பிரசங்கம் அப்படியே வரும், செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததும் வரும். யாழ்ப்பாணத்தான் எழுதாத சொற்கள் வரும்போது உங்களுக்கே தெரியும். ஆளைப் பிடித்து வெட்கப்படுத்த வேண்டாம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து ஒரு கால் மணித்தியாலம், எழுதியதை வைத்துக் கேள்வி கேளுங்கள். எழுதத் தயங்குகிற, ஆனால் நன்றாகக் கதைக்கிற ஆட்களுக்கும் இது நியாயமான பரீட்சை.

சேட்டிபிக்கற்றைக் கொடுக்கலாம். எந்தப் பாடம், எத்தனை மணித்தியாலம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, யார் படிப்பித்தார் என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். டிப்ளோமா, டிகிரி என்ற சொற்கள் அதில் வரவே கூடாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் கொடுக்கவேண்டியதை நீங்கள் உங்கள் அலுவலக அறையில் அச்சடித்துக் கொடுக்க முடியாது. யாராவது அதிலும் மேலே போக விரும்பினால் வங்காளத்தில் செராம்பூர் இருக்கிறது. வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் என்ற மிஷனரிகள் 1818இல் தொடங்கிய கல்லூரி அது. 1827இல், அந்த ஊரை அப்போது ஆண்ட டென்மார்க் அரசர் சாசனம் கொடுத்தார், அந்த வழியில் வந்த செனற் இன்றும் இறையியல் பட்டம் கொடுக்கிறது. நீங்கள் படித்த பிலிமத்தலாவைக் கல்லூரியும் அதோடு இணைந்ததுதான். வேலை செய்துகொண்டு தொலைவிலிருந்து படிக்கும் கிறிஸ்தவ கல்விப் பாடநெறிகளும் அந்தச் செனற்றிடம் உண்டு. வெளிநாட்டில் இருப்பவருக்கு எது பொருந்தும், பரீட்சை எங்கே எழுதலாம் என்று உங்கள் பழைய கல்லூரியிலேயே விசாரியுங்கள்.

இன்னொன்றையும் முதல் நாளே உடைத்துச் சொல்லிவிடுங்கள். செராம்பூர்ப் பட்டமே கிடைத்தாலும், அதை மட்டும் வைத்துக்கொண்டு பேர்ன் சீர்திருத்தத் திருச்சபையில் போதகராகிவிட முடியாது. அங்கே பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்து, பயிற்சிக்காலமும் முடித்திருக்கவேண்டும். குருப்பட்டமும் உங்கள் கையில் இல்லை. அது அவரவர் சார்ந்த திருச்சபை தீர்மானிக்கும் காரியம். இரண்டு வருஷம் கழித்து "அண்ணை இதைச் சொல்லேல்லையே" என்று ஒருவரும் கேட்கக் கூடாது. காசு கட்டி டொக்டர் பட்டம் வாங்கி நோட்டீஸில் போடுகிற வழக்கம் ஊழியக்காரரிடையே எங்கும் பரவிக்கிடக்கிறது. உங்கள் மாணவருக்கும் அப்படி யாராவது வலை வீசுவார்கள். அந்த விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே இருங்கள்.

காசு வாங்குங்கள். இலவசமாகக் கொடுத்தால் நத்தார் வரையில்தான் வருவார்கள். ஆனால் உங்கள் சொந்தக் கணக்குக்கு ஒரு சதமும் வேண்டாம். உங்கள் திருச்சபை ஆதீனத்துக்கு எழுதி, பேராயரின் அனுமதியை எழுத்தில் வாங்கி, சபைக் கணக்கில் போட்டு, ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். முதற் செலவு குழுப் பொறுப்பாளரின் ரயில் காசு, அடுத்தது புத்தகம், டேட்டா. மிஞ்சினால் உங்களுக்கு ஒரு மதிப்பூதியம், அதைக் குழு தீர்மானிக்கட்டும். ஒருநாள் ஒருவர், "பேந்து அண்ணையை இஞ்ச எடுப்பம்" என்று சொல்லுவார். வட்டுக்கோட்டைச் செமினரி ஏன் மூடப்பட்டது என்று அப்போது அவருக்குச் சொல்லுங்கள், உங்களுக்கும் ஞாபகம் வரும்.

மனைவி சொல்வது நியாயம். சூமுக்கு ஒரு பின்னேரம், ஒப்படை பார்க்க ஒரு பின்னேரம், அதற்கு மேல் இல்லை. வெள்ளி, சனி தொடவே வேண்டாம், உங்கள் சொந்தச் சபை முதலில்.

அந்த இரண்டு பெண்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சபையில் ஞாயிறு பாடசாலையையும் வீட்டுச் சந்திப்பையும் சுமப்பவர்களாக இருப்பார்கள், ஆனால் குழுவில் தேநீர் ஊற்றும் வேலை அவர்கள் தலையில் விழும். ரோமர் நிருபத்தைக் கொண்டுபோனவர் கெங்கிரேயா சபையின் பெபேயாள் என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் நினைக்கிறார்கள். முதற் கூட்டத்தையே அவர்களில் ஒருவர் நடத்தட்டும்.

ஓகஸ்ட் மாதத்தில் பாடசாலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வருவார்கள், எப்படியும் நாலைந்து பேராவது வருவார்கள். அதில் ஐந்து நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மருதனார்மடம் கிறிஸ்த சேவா ஆச்சிரமம் மாதிரி அமைதியான இடமாகப் பாருங்கள். காலையில் வேதபாடம், பின்னேரம் உங்கள் சபை ஆட்களின் வீடுகளைச் சந்திக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். கலியாண வீடு, கோயில் திருவிழா என்று சாட்டுச் சொல்லுவார்கள், திகதியை ஜனவரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது செய்யவேண்டியது ஒன்று. பத்துப் பேரிடமும் இரண்டு பொருள் கேளுங்கள். ஒன்று, கடைசியாகச் செய்த பிரசங்கத்தின் குரற்பதிவு, திருத்தாமல், உள்ளபடி. மற்றது, இவர் படிப்பதை அறிவோம், மாதக் குழுவுக்குப் போக நேரம் கொடுப்போம் என்று அவர் சபையார் எழுதிய ஒரு கடிதம். ஒரு மாதம் தவணை கொடுங்கள், நினைவூட்ட வேண்டாம். ஆறு பேர் அனுப்பினால் ஆறு பேரோடு தொடங்குங்கள். மிச்சப் பேர் அடுத்த வருஷம் சேரலாம்.